ஒரு படம் தள்ளி

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, பெரிய பேருந்து நிலையத்தின் பயணிகள் கூடத்தில் அறிவிப்பாளருக்குப் பிரிவு உபசார விழா நடைபெறும் என்று நேரக்காப்பாளர் அறைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் அடியில் யாரோ பச்சைப் பேனாவால் 'படக்காட்சி உண்டு' என்று சேர்த்திருந்தார்கள்.

அந்தப் படக்காட்சி அன்று காலை சின்னவளின் லேப்டாப்பில் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நிறுத்தத்தில் புதிதாக ஏறுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த அறிவிப்பாளர்தான் சின்னவளின் அம்மா. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். 'பயணிகள் கவனத்திற்கு' என்று அவள் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி அழும். அந்தக் குரல் விளைகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு வளர்ந்திருந்தது. அடுத்த வாரம் அதை எடுக்கப்போகிறார்கள். அதுவரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அப்புறம் குரல் பழையபடி இருக்குமா?" என்று சின்னவள் கேட்டதற்கு, "இருக்கலாம். கொஞ்சம் மாறவும் மாறலாம்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா பூட்டு ரிப்பேர் கடைக்காரர். பெரியவன், அதாவது சின்னவளின் அண்ணன், "உங்க கடையில உக்காந்து ஆயுசுக்கும் சாவி ராவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனவன். போன மறுநாளே அப்பா வீட்டு வாசல் பூட்டை மாற்றிவிட்டார். மற்றவர்கள் கோபம் வந்தால் கதவைச் சாத்துவார்கள், இவர் பூட்டையே மாற்றிவிட்டார் என்று தெருவில் சிரித்தார்கள். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பெரியவன் வரவும் இல்லை, அவன் பேச்சை அப்பா எடுக்கவும் இல்லை.

சின்னவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்லுகிற தொழில். பழைய ஆல்பத்திலிருந்து படங்களை ஸ்கேன் செய்து, கறையைத் துடைத்து, வரிசைப்படுத்தி, மாமா வாசித்த மவுத் ஆர்கனை அடியில் ஓடவிட்டு, மேலே அம்மாவின் குரலைச் சேர்த்து ஒரு படக்காட்சி செய்திருந்தாள். டாக்டர் வாயைக் கட்டுவதற்கு முந்தைய நாள்தான் அந்தக் குரல் பதிவானது.

பதிவு செய்த விதம்தான் பின்னால் வினையாயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பேசச் சொல்லி மகள் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. "மைக்கைப் பிடிச்சா நிறுத்தி நிறுத்திப் பேச எனக்கு வராதுடி. நீ படத்தை மாத்திக்கிட்டே இரு, நான் பாட்டுக்குச் சொல்றேன்" என்றாள். அப்படியே ஆயிற்று. முதல் படத்தில் ஆரம்பித்து, கடைசிப் படம்வரை ஒரே ஓட்டம். கம்ப்யூட்டரில் பார்த்தால் மேலே படங்கள் ரயில் பெட்டிகளைப்போல் வரிசையாக இருக்கும். கீழே அம்மாவின் குரல் வெட்டே இல்லாமல் தண்டவாளம்போல் நீளும்.

காலை டிபன் முடிந்ததும், விழாவுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்க மூன்று பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா, சின்னவள், அம்மாவின் தம்பி. தம்பி ஓய்வுபெற்ற கண்டக்டர். நிலையத்தில் அவருக்கு 'விசில்' என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"என் வாசிப்பு கேக்குற மாதிரி வெச்சிருக்கியா பாப்பா? அக்கா குரல்ல அமுங்கிடப்போகுது."

"அமுங்கத்தான் மாமா வெச்சிருக்கேன்."

அம்மா ஒருமுறை கைதட்டினாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. அதற்குமேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி அழிக்கிற ஒரு சின்னப் பலகை மடியில் இருந்தது.

படம் ஓடியது. அறிவிப்பு அறையில் முதல் நாள், தலை நிறைய முடியோடு அம்மா. கல்யாணப் படம். கைக்குழந்தையாகச் சின்னவள். குரல் ஒவ்வொன்றின் மேலும் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது. பிறகு, கடை வாசலில் மார்பில் கைகட்டி நிற்கும் அப்பாவின் படம் வந்தது. அம்மாவின் குரல் சொன்னது:

"இவன் கிளம்பின அன்னிக்கு நான் டியூட்டியில இருந்தேன்…"

"என்ன பாப்பா, அத்தானைப் போய் அக்கா 'இவன்'ங்கிறா?" என்றார் விசில்.

குரல் தொடர்ந்தது.

"…எட்டாவது பிளாட்பாரத்துல வண்டி புறப்படத் தயாரா இருக்குன்னு நான்தான் மைக்ல சொன்னேன். குரல் பிசகலை. பிசகியிருக்கணும். இவன் திரும்பி வர்ற வண்டியையும் நானே சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள ரிட்டயர்மென்ட் வந்துடுச்சு."

அப்பா திரையில் கைகட்டியபடியே மறைந்தார். அடுத்து அம்மாவின் பழைய ஸ்கூட்டர் வந்தது. குரல் நிதானமாகச் சொன்னது: "இவர் எல்லார் வீட்டுப் பூட்டையும் திறப்பார். நான் கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஆனா இத்தனை வருஷத்துல என் மேல ஒரு நாளும் கதவைச் சாத்தினதில்லை. அதையும் சொல்லணும்ல."

விசில் டீயைக் கீழே வைத்தார்.

ஸ்கூட்டர் போய் நிலைய மேனேஜர் வந்தார். கோட்டும் டையுமாகக் கையில் பரிசுக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் குரல் பாசத்தோடு சொன்னது: "தினம் காலையில ரெண்டு உதை விட்டாத்தான் கிளம்பும். ஏத்தத்துல மூச்சு வாங்கும். இருந்தாலும் எடைக்குப் போட எனக்கு மனசு வரலை."

விசில் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சத்தமாகச் சிரிக்கவும் டாக்டர் அனுமதித்திருக்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு சிரிப்பால் வந்தது என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் படங்கள் எல்லாம் தீர்ந்து திரை கறுத்த பிறகும் குரல் மிச்சமிருந்தது. "அறிவிப்பு முடிந்தது" என்று இருட்டுக்குள்ளிருந்து சொல்லி நின்றது.

"ஒரு படம் தள்ளி ஓடுது" என்றாள் சின்னவள். வரிசையைத் திறந்து பார்த்தாள். பார்க்காமலே தெரிந்திருந்தது. கைக்குழந்தைக்கும் கடை வாசலுக்கும் நடுவே பெரியவன் இருந்திருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையில், கண் கூச, வெயிலைப் பார்த்துச் சிரித்தபடி. அவனைக் காணோம். அவன் போனதும் பின்னால் இருந்த எல்லாரும் ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். குரல் மட்டும் நகரவில்லை.

நேற்று மாலை அப்பா, "அம்மா படத்தை ஒருதரம் பாக்கலாமா?" என்று கேட்டிருந்தார். சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மவுஸை அவர் கையில் கொடுத்து, எங்கே அழுத்தினால் எது நகரும் என்று காட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். எத்தனையோ பூட்டைத் திறந்தவருக்கு டெலீட் பொத்தான் எம்மாத்திரம்.

"பென் டிரைவ்ல பிரதி இருக்கு. திரும்பப் போட ஒரு நிமிஷம் ஆகாது" என்றாள்.

"போட்டு?" என்றார் விசில். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. "அத்தான் முன்வரிசையில உக்காந்திருப்பார். பெரியவன் மூஞ்சி இம்மாம் பெருசா வரும். எழுந்து போயிடுவார். அவரைத் தெரியாதா? அத்தனை பேருக்கு முன்னாடி அக்கா தலையை எங்க வெச்சுக்குவா? நான் சொல்றதைக் கேளு பாப்பா. படம் போனதோட அந்தப் பேச்சையும் வெட்டிடு. மிச்சமெல்லாம் தானா சரியான இடத்துக்கு வந்துடும். வலிக்கிற பல்லைப் புடுங்கிட்டா சோறு நிம்மதியா இறங்கும்."

தொழில்நுட்பப்படி மாமா சொன்னது சரிதான். அந்தக் குரல்கோட்டில் இரண்டு வெட்டு, நடுவில் இருப்பதைத் தூக்கிவிட்டு இழுத்து ஒட்டினால் தையல்கூடத் தெரியாது. சின்னவள் மவுஸைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா பலகையை எடுத்து எழுதினாள். *வெட்டாதே.*

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். *அவரும் வரணும்.*

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

*நீதானே படிச்சவ.*

சின்னவள் லேப்டாப்பை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

கடை ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கச் சுவரிலும் வெட்டப்படாத சாவிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. அப்பா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிப் பூட்டு ஒன்றின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"போனை எடுக்கவே மாட்டேங்கிறீங்களேப்பா."

"அது வீட்ல சார்ஜ்ல கெடக்கு. இங்க எடுத்துட்டு வந்தா நாலு பேர் கூப்பிடுவான்."

"கூப்பிடத்தானே போன்?"

"என்ன விஷயம், சொல்லு."

"படத்தை எடுத்தீங்களா?"

"எந்தப் படத்தை?"

"நீங்க எடுத்த படத்தை."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை நான் தொடலை. உங்க அம்மா பேசினதையும் தொடலை."

"தொடலைங்கிறதுதாம்பா தொல்லை."

"படம் போனா அதோட பேச்சும் போயிடும்னு நெனச்சேன். சாவி போனா சாவிக்கொத்துல ஓட்டையா விழுது?"

சின்னவள் தன் சாவிக்கொத்தை ஓரமாக வைத்து, பூட்டுகளை ஒதுக்கி, லேப்டாப்பைக் கல்லாமேல் திறந்தாள். அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஓடவிட்டாள். அப்பா குனிந்து பார்த்தார். கைகட்டி நிற்கும் தன்னையே பார்த்தார். தன் முகத்தின் மேல் மனைவியின் குரல், 'இவன் கிளம்பின அன்னிக்கு நான் டியூட்டியில இருந்தேன்' என்று சொல்லக் கேட்டார்.

முடிந்ததும், "மறுபடி போடு" என்றார்.

போட்டாள்.

அவர் சாவி ராவும் இயந்திரத்தின் மேல் படிந்திருந்த பித்தளைத் தூளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அந்த வண்டியை இவதான் சொன்னாளா?"

"டியூட்டியில அவங்கதானே இருந்தாங்க? வேற யாரு சொல்லுவாங்க?"

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். பீரோ சாவி தொலைந்துவிட்டதாம். உள்ளே மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் இருக்கிறதாம். மாப்பிள்ளை வெளியே குதிக்கிறாராம். "பாஸ்போர்ட் எங்கியும் ஓடிடாது. மாப்பிள்ளையை உக்காரச் சொல்லுங்க, இதோ வர்றேன்" என்று அப்பா அனுப்பிவைத்தார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். முகம் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தது.

"அவன் மூஞ்சி திரையில வரக்கூடாது."

"வராது."

"அப்ப சரி."

"ஆனா அம்மா பேச்சு வரும். ஒரு எழுத்துக் குறையாது. நாளைக்கு அந்தத் தொண்டையில இருந்து என்ன குரல் வரும்னு டாக்டருக்கே தெரியலை. இதுல கத்திரிக்கோல் வெக்க எனக்குத் தைரியம் இல்லப்பா. உங்களுக்கு இருந்தா, இந்தாங்க மவுஸ்."

அப்பா மவுஸை வாங்கவில்லை. "மூஞ்சி இல்லாம பேச்சு எது மேல வரும்?"

"அது என் பாடு. நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

"மூஞ்சி வரலைன்னா வர்றேன்."

சின்னவள் லேப்டாப்பை அணைத்து எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் அது தன் பாடு என்று சொன்னோமே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று யோசித்தாள். சாவிக்கொத்தை விட்டுவிட்டு வந்தது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் முதலில் செய்தது, பெரியவன் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சட்டத்தைச் செருகியது. ஒன்றுமே இல்லாத வெறும் கறுப்பு. அது உள்ளே போனதும் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் வரிசையாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பினார்கள். அப்பாவின் பேச்சு அப்பாவுக்கு வந்தது. உதை ஸ்கூட்டருக்கே போய்ச் சேர்ந்தது. மேனேஜர் தப்பித்தார்.

விசில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கரன்ட் போயிடுச்சுன்னு நெனச்சு யாராவது எழுந்து சுவிட்சைத் தேடுவான் பாப்பா. கூட்டத்துல இருட்டு வந்தா நம்ம ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க. விசில் அடிப்பாங்க. நானே அடிப்பேன்."

அதுவும் உண்மைதான். மூன்று பேரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவனின் ஷூவைப் போடலாமா என்று யோசித்தாள். அவன் படித்த பள்ளிக்கூடம்? எதைப் போட்டாலும் ஏதோ செத்துப்போனவனுக்குச் செய்கிற மாதிரி இருந்தது.

அம்மா பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதி நீட்டினாள். *8.*

"எட்டா? என்னம்மா எட்டு?"

அம்மா எண்ணின் மேல் விரலால் தட்டினாள். பிறகு அடியில் எழுதினாள். *அங்கே இருந்துதான் போனான்.*

சின்னவள் எழுந்து நின்றாள். "மாமா, கிளம்புங்க. விழாவுக்கு முன்னாடியே போகணும்."

சனிக்கிழமைக் கூட்டம் நிலையத்தை நிறைத்திருந்தது. எட்டாவது நடைமேடையில் ஒரு வண்டி இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. சின்னவள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால எடுப்பீங்களா? ஒரு படம் எடுக்கணும்."

"வண்டியையா?"

"இல்லண்ணே. வண்டி இல்லாம."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் இல்லாமப் படம் எடுக்குற மொத ஆளு நீதாம்மா. யாரு நீ?"

"மைக் அம்மா பொண்ணு" என்றார் விசில் பின்னாலிருந்து.

டிரைவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிவர்ஸ் போட்டார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். அவனுக்கும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போனார்.

நடைமேடை காலியாயிற்று. தரையில் வழிந்து காய்ந்த எண்ணெய்க் கறை. தேய்ந்துபோன மஞ்சள் பெயின்டில் எட்டு என்ற எண். ஒரு சிமென்ட் பெஞ்சு, அதன் ஓரத்தில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். தூணில் ஒலிபெருக்கி. எக்ஸ்ரே அறையில் சொல்லுகிற பழக்கத்தில், "மூச்சைப் பிடிங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சின்னவள் கைபேசியில் படத்தை எடுத்தாள். ஒலிபெருக்கியும் எண்ணும் சட்டத்துக்குள் விழுகிற மாதிரி.

கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலேயே வைத்து வேலையை முடித்தாள். கறுப்பை எடுத்தாள். நடைமேடையை வைத்தாள். 'இவன்' என்ற சொல்லில் படம் மலர்ந்து, 'ரிட்டயர்மென்ட் வந்துடுச்சு' என்பதில் மறைகிற மாதிரி அதன் நீளத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அந்த இடத்தில் மட்டும் மவுத் ஆர்கனை அடியோடு இறக்கினாள். "இங்க மட்டும் உங்களை ஊமையாக்குறேன் மாமா" என்றாள். "பண்ணு. அந்த இடத்துல நான் வாசிச்சாத்தான் தப்பு" என்றார் விசில்.

ஐந்து மணிக்கு நாற்காலிகள் நிரம்பின. டிரைவர்கள், கண்டக்டர்கள், துப்புரவுப் பெண்கள், பழக் கடைக்காரர்கள். வண்டிக்குக் காத்திருந்த பயணிகளும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். மேனேஜர் அந்த நாற்காலியில் உட்காரப் போனபோது இரண்டு முறை கைதட்டினாள். அவர் பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு உட்காரப் பார்த்தார். விசில் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

விளக்கை அணைக்கப்போகிற நேரத்தில் அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நேராகச் சின்னவளிடம் வந்து சாவிக்கொத்தை நீட்டினார்.

"பூட்டுக்காரன் பொண்ணு சாவியை மறந்துட்டு வர்றா. வெளிய சொன்னா என் கடைக்கு ஒருத்தன் வருவானா?"

"மூஞ்சி வராதுப்பா" என்றாள் அவள்.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்று சொல்லிவிட்டுப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. அந்தக் குரல் கூடத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரே நேரத்தில் வந்தபோது வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று, எந்த வண்டி என்று காதைக் கொடுத்தார்கள். கல்யாணப் படத்துக்குச் சிரித்தார்கள். கைக்குழந்தைக்கு 'ச்சு' கொட்டினார்கள்.

எட்டாம் நடைமேடை வந்தது. இசை நின்றது.

குரல் மட்டும் பேசியது. பேசி முடிக்கும்வரை யாரும் விசில் அடிக்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று நிலையத்துக்காரர்களுக்குத் தெரியும். தெரியாத பயணிகளும் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

அடுத்து அவரே வந்தார், கைகட்டியபடி, தன்னுடைய சொற்களோடு. 'என் மேல ஒரு நாளும் கதவைச் சாத்தினதில்லை' என்றபோது அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஸ்கூட்டருக்கு வெடித்த சிரிப்பில் மேனேஜரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிப் படத்தில், யாருமில்லாத அறையில் மைக் மட்டும் நின்றது. "அறிவிப்பு முடிந்தது" என்றது குரல். கூடம் எழுந்து கைதட்டியது.

விளக்கு வந்தது. மேனேஜர் பேசத் தொடங்கினார். பேச்சு நீளும் என்பது அவர் தண்ணீர் குடித்த விதத்திலேயே தெரிந்தது. சற்று நேரம் கழித்துச் சின்னவள் முன்வரிசையைப் பார்த்தபோது அம்மாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

குனிந்தபடி போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். "அப்பா எங்கம்மா?"

அம்மா வாசலைக் காட்டினாள்.

பின்வரிசையிலிருந்து விசில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. "பாப்பா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நேத்தே பெரியவனுக்குச் சொன்னேன், அம்மாவுக்கு விழா, ஒரு எட்டு வந்துட்டுப் போடான்னு. வர மாட்டேன்னுட்டான். இப்பப் பாக்குறேன், மெசேஜ் போட்டிருக்கான். மனசு கேக்கலியாம். அங்கேருந்து வண்டி ஏறிட்டானாம். ராத்திரிக்குள்ள இங்க இருப்பான்."

"நல்லதுதானே மாமா, அதுல என்ன தப்பு?"

"உங்கப்பா எங்க போறார்னு பாரு."

சின்னவள் எழுந்தபோது கையிலிருந்த சாவிக்கொத்து வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள். விரலெல்லாம் பொன்னிறத் தூள். கொத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீட்டு வாசல் சாவியின் பற்களுக்கு நடுவே புதுப் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. பூட்டு மாறிய பிறகு பெரியவனிடம் இல்லாத அந்தச் சாவியை மாதிரியாக வைத்து இன்று யாரோ இன்னொன்று வெட்டியிருக்கிறார்கள்.

கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால், எட்டாவது நடைமேடையில், துறைமுகம் போகும் வண்டியின் படியில் அப்பா ஏறிக்கொண்டிருந்தார். கையில் பை இல்லை. கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"நிறுத்துறேன்" என்று சின்னவள் கிளம்பினாள். "அவர் அங்க போறார், இவன் இங்க வர்றான். அங்க அவன் பூட்டிட்டு வந்த வீட்டு முன்னாடி போய் நிப்பாரு!"

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு முறை கைதட்டுவதற்குக் கை தோதாக இல்லாததால், மகளின் கையிலேயே இரண்டு முறை தட்டினாள். பிறகு பலகையை எடுத்தாள். *போகட்டும்.*

"அம்மா, அவருக்குத் தெரியாதும்மா…"

அம்மா பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

தூணிலிருந்த ஒலிபெருக்கியில் கரகரப்புக் கேட்டது. அன்றுதான் வேலையில் சேர்ந்த புது அறிவிப்பாளர், சின்ன வயதுப் பெண், தொண்டையைச் செருமிக்கொண்டாள். பயணிகள் கவனத்திற்கு என்றாள். எட்டாம் நடைமேடையிலிருந்து துறைமுகம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்றாள். முன்வரிசையில் அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

ஆறு மணி வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது. அப்பா அதில் இருந்தார்.